அபினை அளந்த காலமும் வலியை அளக்கும் காலமும்

வலி மனிதனோடு பிறந்தது. அதைத் தணிக்க அவன் தேடிய மருந்துகள் அவனது நாகரிகத்தோடு சேர்ந்து வளர்ந்தன. அம்மருந்துகளுள் அபினைப்போல் போற்றுதலுக்கும் தூற்றுதலுக்கும் ஒருங்கே ஆளானது பிறிதொன்றில்லை. போர்க்களத்தில் காயமுற்ற வீரனின் துடிப்பை அடக்கியதும் அதுவே; பேரரசுகளின் கருவூலங்களை நிரப்பியதும் அதுவே; குடும்பங்கள் பலவற்றைக் குலைத்ததும் அதுவே. இவ்வரலாற்றின் ஒரு பகுதி மலேசியத் தமிழர் வாழும் மண்ணிலும் நிகழ்ந்துள்ளது.

கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றின் வடகரையில் அமைந்திருக்கிறது பண்டார் பாரு. ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தார். மேற்கே சற்றுச் சென்றால் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் கூடும் இவ்வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்டங்களில் தமிழர் பல தலைமுறைகளாக உழைத்து வந்துள்ளனர். இங்கே பதினான்கு வயது மாணவன் ஒருவன் பந்து விளையாட்டில் விழுந்து முன்கை எலும்பு முறிந்தால், அவனை ஆற்றின் அக்கரையிலுள்ள பாரிட் புந்தாருக்கோ வடக்கே கூலிமுக்கோ கொண்டு செல்வது வழக்கம். அங்கே அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு கேள்வி எழுகிறது: துடிக்கும் இச்சிறுவனுக்கு மார்பின் தரலாமா? வலி தீரவேண்டும் என்று தாய் விரும்புகிறாள். போதைப் பழக்கம் வந்துவிடுமோ என்று தந்தை அஞ்சுகிறார்.

அந்த விருப்பமும் அந்த அச்சமும் நேற்று முளைத்தவை அல்ல. இரண்டுக்கும் இருநூறு ஆண்டுக்கால வேர்கள் உண்டு.

செடியும் சாரமும்

கசகசா தமிழர் சமையலறைக்குப் பழக்கமான பொருள். அதைத் தரும் செடியின் முற்றாத காயைக் கீறினால் வெண்பால் வடியும். அப்பால் காற்றில் உறைந்து பழுப்பு நிறமடையும்போது அபின் ஆகிறது. வலியைப் போக்கவும், வயிற்றோட்டத்தை நிறுத்தவும், உறக்கம் தரவும் மருத்துவர்கள் அதைப் பன்னெடுங்காலம் பயன்படுத்தினர். ஆயினும் ஒரு குறை இருந்தது. ஒரு கட்டி அபினில் எவ்வளவு வீரியம் உண்டு என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை. ஒரு நாள் நோயாளியைத் தேற்றிய அளவு, மறுநாள் அவரைக் கொன்றுவிடவும் கூடும்.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பிரீட்ரிக் செர்ட்டூர்னர் என்னும் இளம் மருந்தாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்பியசின் பெயரால் அச்சாரம் மார்பின் எனப் பெயர்பெற்றது. அதன் ஆற்றலை அறிய அவர் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். பதினேழு வயதைத் தாண்டாத இளைஞர் மூவரையும் உடன் சேர்த்துக்கொண்டார். சிறு இடைவெளிகளில் மும்முறை மருந்தை உட்கொண்ட அந்நால்வரும் மயக்கமும் வயிற்றுவலியும் கண்டு தள்ளாடினர். அச்சமுற்ற செர்ட்டூர்னர் காடியைக் குடிக்கச் செய்து வாந்தி எடுக்கவைத்தே அவர்களை மீட்டார். 1817-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இக்குறிப்பு ஒன்றைத் தெளிவாக்குகிறது. மார்பினின் முதற்சோதனையில் பங்கேற்றவர்கள் வளரிளம் பருவத்தினர். அவர்களுக்கு நேர்ந்த துன்பம் அளவு தெரியாமையால் நேர்ந்தது.

1853-ஆம் ஆண்டளவில் தோலுக்கடியில் மருந்தைச் செலுத்தும் ஊசி வழக்குக்கு வந்தது. அதன்பின் மார்பின் விரைவாக வேலை செய்யும் மருந்தாயிற்று. 1898-ஆம் ஆண்டு பேயர் நிறுவனம் மார்பினிலிருந்து பெற்ற எரோயினை இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1939-ஆம் ஆண்டில் பெத்திடினும், 1960-ஆம் ஆண்டில் பெண்டனிலும் ஆய்வுக்கூடங்களில் பிறந்தன. இவ்வாறு அபினிலிருந்து பெறப்பட்டவையும், அதைப்போலச் செயற்படுமாறு செயற்கையாக ஆக்கப்பட்டவையும் ஆகிய மருந்துகளை அபின்வழி வலிநீக்கிகள் எனலாம்.

தாஹிலில் அளந்த வருவாய்

மருத்துவர் அபினின் வீரியத்தை அளக்க முயன்ற அதே காலத்தில், வணிகர் அதன் விலையை அளந்துகொண்டிருந்தனர். 1786-ஆம் ஆண்டு பினாங்குத் தீவு ஆங்கிலேயர் வசமானது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அங்கே அபின் குத்தகை முறை தோன்றிவிட்டது. குறிப்பிட்ட தொகையை அரசுக்குச் செலுத்துபவர், புகைப்பதற்குரிய பதத்தில் காய்ச்சப்பட்ட சண்டு எனும் அபினை விற்கும் தனியுரிமையைப் பெற்றார். வங்காளத்தில் விளைந்த அபின் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்திலிருந்து இக்கரைக்கு வந்து சேர்ந்தன.

கெடாவின் சுல்தான்களுக்கும் இத்தகைய குத்தகைகள் முதன்மையான வருவாயாக விளங்கின. பினாங்கின் செல்வந்தரான சீன வணிகர்கள் கெடாவின் குத்தகைகளையும் எடுத்து நடத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் பகுதியிலும், இன்று செபராங் பிறை எனப்படும் நிலப்பரப்பிலும் கரும்புத் தோட்டங்கள் செழித்திருந்தன. அங்கே சீனரும் தமிழரும் வெட்டிச் சுமந்து உழைத்தனர். சீனத் தொழிலாளிக்குச் சண்டுவும் தமிழ்த் தொழிலாளிக்குக் கள்ளும் உடல்வலிக்கு ஆறுதலாக விற்கப்பட்டன. நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்த முதுகுக்கு மருந்தாக அங்கே எளிதில் கிடைத்தவை அவ்விரண்டே.

1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின் வழி கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் மேலாண்மைக்கு மாறியது. அவ்வாண்டின் இறுதியோடு நீரிணைக் குடியேற்றங்களில் தனியார் அபின் குத்தகை முடிவுற்று, 1910 முதல் அரசே சண்டு விற்பனையை மேற்கொண்டது. கெடாவும் பின்னர் அவ்வழியே சென்றது. விற்பவர் மாறினார், விற்பனை நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நீரிணைக் குடியேற்றங்களின் மொத்த வருவாயில் ஏறத்தாழப் பாதியை அபினே ஈட்டித் தந்தது.

அக்காலத்துக் கணக்கேடுகளில் அபின் தாஹிலிலும் ஹூனிலும் அளக்கப்பட்டது. ஒரு தாஹில் ஏறத்தாழ 38 கிராம். அதன் நூற்றில் ஒரு பங்கு ஒரு ஹூன். விற்ற அபினை இத்துணை நுட்பமாகக் கணக்கிட்ட ஆட்சி, அதை வாங்கியவனின் வலியைக் கணக்கிட ஓர் ஏட்டையும் திறந்ததில்லை. அபினின் தீய வரலாறு இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

தோட்டத்து மருந்தும் தோட்டத்து வலியும்

ரப்பர் மரங்கள் கெடாவின் தென்பகுதியை நிறைத்த காலத்தில், தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் தோட்ட மருத்துவமனைகளின் பொறுப்பில் இருந்தது. அங்கே அன்றாடம் நோயாளிகளைப் பார்த்தவர் 'டிரசர்' என்று மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளர். மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். குறிப்பிட்ட நாட்களில் வந்து பார்த்துச் செல்பவர். மலேரியாக் காய்ச்சலுக்குக் குனைன், புண்ணுக்கு அயோடின், வயிற்றுக்குப் பேதி உப்பு, மற்றவற்றுக்கு 'மிக்சர்' எனப்பட்ட கலவை மருந்து என்பனவே டிரசரின் கையிருப்பு. மலேரியாவும் கொக்கிப்புழுவும் உயிர்களைச் சூறையாடிய அந்நாட்களில், உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்தது. வலியைத் தணிப்பது இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதில் வியப்பில்லை.

அந்த வெற்றிடத்தைக் கள்ளுக்கடை நிரப்பியது. பல தோட்டங்களில் நிருவாகத்தின் அனுமதியோடே கள்ளு விற்கப்பட்டது. கூலியாகக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி மாலையில் கள்ளுக்கடை வழியே திரும்பி வந்தது. இதன் கேட்டை உணர்ந்தவர்கள் தொழிலாளரே. 1947-ஆம் ஆண்டு கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தனர். காவல்துறையின் தடியடிக்கும் ஆளாயினர். வலிக்கு மருந்தென்று போதையை விற்பதைத் தமிழ்த் தொழிலாளர் எதிர்த்த பெருமைக்குரிய நிகழ்ச்சி அது.

பிள்ளைகளின் நிலை யாது? உலகின் பல பகுதிகளில் அவர்கள் இரு தீமைகளுக்கு இடையே அகப்பட்டிருந்தனர். பம்பாயின் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்ற தாய்மார், கைக்குழந்தைகள் உறங்கிக் கிடக்குமாறு அபின் கொடுத்த செய்தி 1931-ஆம் ஆண்டின் அரச தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கையில் பதிவாகியுள்ளது. அமெரிக்காவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென மார்பின் கலந்த இனிப்பு மருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடைகளில் தாராளமாக விற்கப்பட்டது. தேவையற்ற இடத்தில் அபின் தாராளமாகக் கிடைத்தது. உண்மையான வலியால் துடித்த பிள்ளைக்கோ, மருத்துவமனையில் அது மறுக்கப்பட்டது.

தடையும் அச்சமும்

உலகின் மனச்சான்று மெல்ல விழித்தது. 1909-ஆம் ஆண்டு சாங்காயில் அபின் குறித்த அனைத்துலக மாநாடு கூடிற்று. 1912-ஆம் ஆண்டு எேக் நகரில் உடன்படிக்கை உருவாயிற்று. 1943-ஆம் ஆண்டு நவம்பரில், தாம் மீட்கவிருக்கும் கிழக்காசிய ஆட்சிப்பகுதிகளில் அபின் புகைத்தலை முற்றாகத் தடுக்கப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பின்னர் மலாயாவில் சண்டு விற்பனை சட்டத்துக்குப் புறம்பாயிற்று. 1952-ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டம் பிறந்தது.

1961-ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டு உடன்படிக்கை இத்துறையில் ஒரு மைல்கல். போதைப்பொருளின் தீமையைத் தடுக்கவேண்டும் என்று கூறிய அதே உடன்படிக்கை, வலியையும் துன்பத்தையும் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்பதையும், அவை மருத்துவத்துக்குக் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்பதையும் தன் முகப்புரையிலேயே ஏற்றுக்கொண்டது. ஆயினும் நாடுகள் பலவும் முதற்பாதியைக் கற்றுக்கொண்ட அளவுக்கு இரண்டாம் பாதியைக் கற்கவில்லை.

மலேசியாவில் 1970-களில் எரோயின் பழக்கம் இளைஞரிடையே பரவியது. 1975-ஆம் ஆண்டு கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தந்தது. 1983-ஆம் ஆண்டு அது கட்டாயத் தண்டனை ஆயிற்று. அவ்வாண்டே போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கே அச்சுறுத்தல் என அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் அறிவித்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2023-ஆம் ஆண்டில்தான் மரண தண்டனையின் கட்டாயத் தன்மை நீக்கப்பட்டது. இக்காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு மார்பின் என்ற சொல் மருத்துவமனையை நினைவூட்டவில்லை, தூக்குமேடையையே நினைவூட்டிற்று.

இங்கே ஓர் எளிய கணக்கு பயன் தரும். சட்டத்தின்படி 15 கிராமோ அதற்கு மேலோ மார்பின் வைத்திருப்பவர் கடத்துபவராகக் கருதப்படுவார். கடும் வலியுற்ற பிள்ளைக்கு நரம்புவழி தரப்படும் மார்பினின் வழக்கமான உச்ச அளவு, உடலெடையில் ஒரு கிலோகிராமுக்கு 0.1 மில்லிகிராம். அதாவது 40 கிலோகிராம் எடையுள்ள சிறுவனுக்கு 4 மில்லிகிராம். கடத்தல்காரனின் 15 கிராமில் இத்தகைய 3,750 சிறுவர்களின் வலியைத் தணிக்கலாம். கடத்தல்காரனின் மூட்டையும் மருத்துவரின் ஊசியும் ஒரே பொருளைத் தாங்கியிருப்பினும், அவற்றிடையே உள்ள தொலைவு இத்துணை பெரிது. மக்கள் மனத்திலோ அத்தொலைவு மறைந்துபோயிற்று.

இவ்வச்சத்தின் விளைவை உலக அளவிலும் காணலாம். 2017-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் ஒன்று கணக்கிட்டபோது, ஆண்டுதோறும் உலகில் வழங்கப்பட்ட ஏறத்தாழ 299 டன் அபின்வழி மருந்துகளில், மிக வறிய நாடுகளுக்குச் சென்றது 0.1 டன் மட்டுமே. மருந்துக்காக அபின் பயிரிட அனுமதி பெற்ற நாடாகிய இந்தியாவிலும்கூட, 1985-ஆம் ஆண்டின் கடுமையான சட்டத்துக்குப் பின்னர்ப் புற்றுநோயாளிகள் மார்பின் கிடைக்காமல் துன்புற்றனர். 2014-ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது.

குழந்தைக்கு வலிக்குமா?

அச்சத்தோடு அறியாமையும் சேர்ந்துகொண்டது. பச்சிளம் குழந்தைகளின் நரம்புகள் முதிராதவை; ஆதலால் அவர்கள் வலியை உணர்வதில்லை என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவர்களிடையே நிலவிற்று. உடலை அசையாமற் செய்யும் மருந்தை மட்டும் கொடுத்து, போதிய மயக்க மருந்தின்றி அறுவைச் சிகிச்சை செய்ததும் உண்டு. இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டில் ஆய்வு மேற்கொண்ட கன்வல்ஜித் ஆனந்த், 1987-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. குறைமாதக் குழந்தைகளின் அறுவைச் சிகிச்சையில் பெண்டனில் சேர்த்தபோது உடலின் அதிர்ச்சி பெரிதும் தணிந்ததை அவர் காட்டினார். அழ மட்டுமே தெரிந்த உயிரின் வலியை அறிவியல் ஏற்றுக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது.

வளரிளம் பருவத்தினருக்கோ வேறொரு தடை இருந்தது. ஆங்கிலேய அறுவை மருத்துவர் சக்கரி கோப் 1921-ஆம் ஆண்டு எழுதிய வயிற்றுநோய் நூல் மருத்துவ மாணவர்களிடையே பெரும்புகழ் பெற்றது. நோய் இன்னதென்று உறுதியாகும் முன் மார்பின் கொடுத்தால் அறிகுறிகள் மறைந்துவிடும் என்று அந்நூல் எச்சரித்தது. குடல்வால் அழற்சியால் துடிக்கும் பிள்ளை, அறுவை மருத்துவர் வரும்வரை பல மணி நேரம் மருந்தின்றிக் காத்திருக்க நேர்ந்தது. பிற்கால ஆய்வுகள், தக்க அளவில் வலிநீக்கி கொடுத்தபோதும் நோயறிதல் பிழைபடவில்லை எனக் கண்டன. ஆயினும் பழைய எச்சரிக்கை பலரிடம் பழக்கமாகவே நின்றுவிட்டது.

இவற்றுக்கும் மேலாக, மறுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக இருந்ததில்லை. அமெரிக்காவில் குடல்வால் அழற்சியோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி 2015-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, கடும் வலியுற்ற கறுப்பினப் பிள்ளைகளுக்கு அபின்வழி வலிநீக்கிகள் வெள்ளையினப் பிள்ளைகளைவிட மிகக் குறைவாகவே கிடைத்ததைக் காட்டிற்று. உழைக்கும் மக்களின் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இச்செய்தியைக் கவனத்திற்கொள்வது தகும்.

மறுபுறம்: மிகுதியின் கேடு

மறுத்தல் ஒரு தவறாயின், வாரி வழங்குதலும் தவறே. இதற்கும் அமெரிக்காவே சான்று. 1996-ஆம் ஆண்டு ஒரு மருந்து நிறுவனம் ஆக்சிகொன்டின் என்னும் அபின்வழி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிமையாகும் இடர் குறைவு என்று மருத்துவர்களிடம் கூறப்பட்டது. அக்கூற்று மக்களை ஏமாற்றிய குற்றம் என்பதை அந்நிறுவனமே 2007-ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் பல்லைப் பிடுங்கிய பதின்வயதினருக்கும், கணுக்கால் சுளுக்கிய மாணவருக்கும் நாட்கணக்கில் மாத்திரை கொடுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. 2005 முதல் 2015 வரையிலான காலத்தை ஆராய்ந்தபோது, அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த வளரிளம் பருவத்தினரும் இளைஞரும் 100 முறை வந்தால், ஏறத்தாழ 15 முறை அபின்வழி மருந்துச்சீட்டோடு வீடு திரும்பியது தெரியவந்தது. பின்னாளில் கள்ளச் சந்தையின் பெண்டனிலும் சேர்ந்துகொள்ள, 2021-ஆம் ஆண்டில் அந்நாட்டில் போதைப்பொருள் மிகுதியால் மாண்டவர் தொகை 1,00,000-ஐக் கடந்தது.

கிரியான் கரையின் அபின் குத்தகைக்கும் அமெரிக்க மாத்திரை விற்பனைக்கும் இடையே ஒரு நூற்றாண்டு உண்டு. ஒரு பெருங்கடலும் உண்டு. எனினும் அடிப்படை ஒன்றே. இரண்டிலும் விற்கும் அளவு பெருகுவதே குறிக்கோளாக இருந்தது. எவருடைய வலிக்கு, எத்துணை அளவு, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளும் எழுப்பப்படவே இல்லை.

அளவறிந்த மருத்துவம்

இம்மூன்று கேள்விகளையும் எழுப்புவதே இன்றைய அவசர மருத்துவத்தின் சிறப்பு. மலேசியாவில் இத்துறையின் சிறப்பு மருத்துவர்களுக்கான பயிற்சி 1998-ஆம் ஆண்டு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. 2008-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு, அரசு மருத்துவமனைகளில் வலியை ஐந்தாம் உயிர்க்குறியாகக் கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. உடல்வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் என்ற நான்கோடு வலியும் கேட்டுப் பதியப்படவேண்டும் என்பது இதன் பொருள். ஹூனில் அபினை அளந்த மண்ணில், நூறாண்டுகளுக்குப் பின் வலியை அளக்க ஓர் ஏடு திறக்கப்பட்டது.

இம்முறையை முதலில் தொடங்கிய அமெரிக்காவில், அது மருந்து மிகுதிக்கு வழிவகுத்தது என்ற குறைகூறலும் எழுந்தது. வலியைக் கேட்டறிவதும், கேட்டவுடன் மார்பின் கொடுப்பதும் ஒன்றல்ல. சின்னஞ்சிறு பிள்ளையின் முகக்குறி நோக்கியும், சற்று வளர்ந்த பிள்ளையிடம் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரையிலான படங்களைக் காட்டியும், பதின்வயதினரிடம் பூச்சியம் முதல் பத்துவரை எண் கேட்டும் வலி அளக்கப்படுகிறது. எலும்பு முறிந்த கைக்கு அணைகட்டி அசையாது வைப்பதே முதல் மருந்து. இலேசான வலிக்குப் பாரசிட்டமாலும் ஐபுபுரோபெனும் போதும். 2014-ஆம் ஆண்டு கனடாவில் எலும்பு முறிந்து வீடு திரும்பிய 134 பிள்ளைகளிடையே நடந்த ஆய்வில், வாய்வழி மார்பினும் ஐபுபுரோபெனும் ஏறக்குறைய ஒரே அளவு வலியைக் குறைத்தன; பக்கவிளைவுகளோ மார்பின் உண்டவர்களிடமே மிகுந்திருந்தன.

ஆனால் கடும் வலிக்கு அபின்வழி வலிநீக்கியே வேண்டும். அதையும் ஊசியின்றிக் கொடுக்க வழி பிறந்துள்ளது. ஆஸ்திரேலியாவில் 2007-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, மூக்கினுள் தெளிக்கும் பெண்டனில் எலும்பு முறிந்த பிள்ளைகளுக்கு நரம்புவழி மார்பினுக்கு ஈடாகப் பயன் தருவதை மெய்ப்பித்தது. அதே வேளையில் சில மருந்துகள் பிள்ளைகளுக்கு ஆகாதவை என்றும் தெளிவாயிற்று. கோடின் உடலுக்குள் சென்று மார்பினாக மாறும் மருந்து. சிலருடைய உடல் அதை மிக விரைவாக மாற்றிவிடுவதால் மூச்சு நின்றுபோகும் இடர் உண்டு. எனவே 2017-ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடினையும், வலிக்குத் தரப்படும் திராமடாலையும் விலக்கியது.

ஆகவே முறை இதுவே: எடைக்கேற்ற அளவு, கொடுத்தபின் மூச்சையும் விழிப்பையும் கண்காணித்தல், மிகுதியானால் முறிக்க நாலாக்சோன் என்னும் மாற்றுமருந்தைக் கையருகே வைத்திருத்தல், கடும் வலி தணிந்ததும் எளிய மருந்துக்கு மாறுதல். மருத்துவமனையில் கண்காணிப்போடு தரப்படும் ஓரிரு வேளை மருந்தால் ஒரு பிள்ளை போதைக்கு அடிமையாவது அரிது. வீட்டில் எஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளும், கண்காணிப்பற்ற நீண்டகாலப் பயன்பாடுமே இடருக்கு வாயில்கள். மனநலக் குறைவோ வேறு போதைப் பழக்கமோ உடைய இளையோரிடம் கூடுதல் கவனம் தேவை என்பதையும் மருத்துவம் வலியுறுத்துகிறது.

சொல்லும் மருந்தே

வலியை அளக்கும் இம்முறை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. நோயாளி தன் வலியைச் சொல்லத் தெரிந்தவராக இருக்கவேண்டும். 1975-ஆம் ஆண்டு கனடிய உளவியலறிஞர் ரொனால்டு மெல்சாக், வலியை உணர்த்தும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி வகைப்படுத்தி ஒரு வினாத்தாளை உருவாக்கினார். எவ்வகைச் சொல்லால் ஒருவர் தம் வலியை உரைக்கிறார் என்பதே நோயறிதலுக்குத் துணையாகும் என்பது அதன் அடிப்படை.

தமிழ் இத்துறையில் செல்வம் மிக்க மொழி. குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, காந்தல், விண்விண் என்று தெறித்தல், சுருக்கென்று தைத்தல் எனத் தோட்டத்துப் பாட்டியர் வாயில் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் வலியின் ஒவ்வொரு முகத்தைக் காட்டுகின்றன. கடுப்பு வேறு, குடைச்சல் வேறு என்று அறியாத பாட்டி எவரும் இல்லை. அவருடைய பேரனோ மருத்துவமனையில் மலாய்மொழியின் 'சாகிட்' என்ற ஒரே பொதுச்சொல்லைச் சொல்லிவிட்டு வாய்மூடிக் கொள்கிறான். மலாய்மொழியிலும் வலியின் வகைகளைக் குறிக்கும் சொற்கள் பல உண்டு. அவற்றையும் அவன் கற்கவில்லை. ஆண்பிள்ளை அழக்கூடாது, பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று வளர்க்கப்பட்டதால், பத்துக்கு எட்டு என்று சொல்லவேண்டிய இடத்தில் மூன்று என்று சொல்லுகிறான். எண் சிறிதானால் மருந்தும் சிறிதாகும்.

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய மருந்து, நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்று மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவன் அந்நான்கனுள் முதலிடம் பெறுகிறான். அவன் வாய்திறந்து உரைக்காவிடில் ஏனைய மூன்றும் தடுமாறும். அவனுக்கு உரைக்கக் கற்பிக்கும் பொறுப்பு மொழியாசிரியருக்கு உரியது. உடற்கூறுகளின் பெயர்களைக் கற்பிக்கும் பாடத்திலேயே வலியின் பெயர்களையும் கற்பிக்கலாம். வலியை மறைப்பது வீரமாகாது என்பதையும், மருத்துவர் அளந்து தரும் மருந்தும் தெருவில் விற்கும் போதையும் வேறென்பதையும், எஞ்சிய மாத்திரையைத் தோழனுக்குக் கொடுப்பது உதவியாகாது என்பதையும் அதே பாடத்தில் உணர்த்தலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. அளவு குறைந்தால் அமிர்தமும் பயனற்றுப் போகும் என்பதை அபினின் வரலாறு அதனோடு சேர்க்கிறது. பாட்டன் காலத்தில் வலிக்கு ஆறுதலாகக் கள்ளை விற்றவர்கள் அவனுடைய வலியைக் கேட்கவில்லை. பேரன் காலத்தில் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்; எழுதிவைக்க ஏடும் இருக்கிறது. கேட்கும்போது உண்மையைச் சொல்ல அப்பிள்ளைக்குச் சொல்லும் துணிவும் இருக்கவேண்டும். அவற்றை அவன் வீட்டிலும் பள்ளியிலும்தான் பெறமுடியும்.